நெடுந்தூர ஓட்டம், டிரையத்லான்: பயிற்சியும் மனமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாரத்தானுக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானுக்கும் தயாராகிறவர்கள் ஆண்டு முழுவதும் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் முழுநேர வேலையும் குடும்பமும் உள்ளவர்கள்; முப்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கியவர்கள்; ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானையோ, 2019இல் கோவாவில் தொடங்கிய அரை அயர்ன்மேன் என்னும் நீண்ட தூர டிரையத்லான் போட்டியையோ மனத்தில் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய வாழ்க்கைக்கும் இந்த ஊரின் வெயிலுக்கும் பொருந்துகிற அறிவுரைகளையே இங்கே தந்திருக்கிறோம்.

வேகமாக ஓடக் கற்றுக்கொள்ளத்தான் பயிற்சிக்கு வருகிறேன். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மெதுவாக ஓடச் சொல்வது ஏன்?

நெடுந்தூரப் போட்டியில் உங்கள் வேகத்தைத் தீர்மானிப்பது கால்களின் விசை மட்டுமன்று. தசைகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேருகிறது, அதை அவை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகின்றன என்பதே முதன்மையானது. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுவதும், தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் எண்ணிக்கையில் உயர்வதும், கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்வதும் நீண்ட நேரம் எளிதாக ஓடுவதால் நடக்கின்றன. வேகமாக ஓடினாலும் இவை நடக்கும். ஆனால் அந்த வேகத்தில் அதிக நேரம் ஓட முடியாது. ஓடினாலும் மறுநாளும் அதற்கு மறுநாளும் உடல் மீளாது.

இது புதிய கருத்தன்று. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட், ஆக்லாந்தில் காலணித் தொழில் செய்துகொண்டே பயிற்சியாளராக இருந்தவர், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெலையே வாரம் 160 கிலோமீட்டர் வரை ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவரான மர்ரி ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, நார்வேயில் பணியாற்றும் உடலியல் அறிஞர் ஸ்டீபன் சைலர், பனிச்சறுக்கு, படகுவலி, ஓட்டம், சைக்கிள் எனப் பல விளையாட்டுகளின் முன்னணி வீரர்களுடைய பயிற்சியை ஆராய்ந்தார். பத்துப் பயிற்சிகளில் ஏறத்தாழ எட்டு மிக எளிதாகவும், இரண்டு மட்டும் கடினமாகவும் இருப்பதைக் கண்டார்.

நம்மிடையே பரவலாக இருக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரானது. எளிய நாளில் கொஞ்சம் வேகமாக ஓடிவிடுகிறோம். அந்தக் களைப்போடு வருவதால் கடினமான நாளில் வேண்டிய வேகம் வருவதில்லை. எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகம் என்றாகிவிடுகிறது. முதல் சில மாதங்கள் இதிலும் முன்னேற்றம் தெரியும் என்பதால் தவறு நடப்பது புலப்படாது. பிறகு நேரம் ஓரிடத்தில் நின்றுவிடும், அல்லது முழங்காலோ கெண்டைக்காலோ வலிக்கத் தொடங்கும். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பதாலேயே கால் தயாராகிவிட்டது என்று கொள்ளக் கூடாது.

"மெதுவாக" என்றால் எவ்வளவு மெதுவாக?

பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது எளிய ஓட்டம் அன்று. தனியாக ஓடுபவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு பாட்டின் இரண்டு அடிகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

இதயத் துடிப்பைப் பார்த்து ஓட விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்ற கணக்கு மக்கள் கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தும். தனி மனிதருக்கு அது பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலேயோ கீழேயோ தவறலாம். கைக்கடிகாரத்தின் அளவீடும், குறிப்பாகக் கை வியர்த்து நனைந்திருக்கும்போது, பிசகுவது உண்டு. மார்புப் பட்டை அதைவிட நம்பகமானது. எந்த எண்ணையும் மூச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தப் பொறுமைக்கு எவ்வளவு பலன் உண்டு என்பதற்கு டிரையத்லான் வீரர் மார்க் ஆலனை எடுத்துச் சொல்வேன். 1980களில் பயிற்சியில் எப்போதும் வேகமாக ஓடிக் காயப்பட்டுக்கொண்டிருந்த அவரை, பயிற்சியாளர் பில் மாஃபெட்டோன் நிமிடத்துக்கு 155 துடிப்பைத் தாண்டாமல் ஓடச் சொன்னார். அந்த வரம்புக்குள் நிற்பதற்கு முதலில் அவர் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உலகத் தரத்து வீரருக்கு அது கூச்சம் தரும் வேகம். ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே துடிப்பில் அவர் கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்துக்குள் ஓடினார். ஹவாயின் அயர்ன்மேன் உலகப் போட்டியை ஆறு முறை வென்றவர் அவர்.

பெங்களூரில் ஓடினால் வரும் வேகம் சென்னையில் வருவதே இல்லை. என் உடல்தகுதி குறைந்துவிட்டதா?

இல்லை. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உடல் இரண்டு வேலை செய்கிறது. தசைக்கு அனுப்ப வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதியைத் தோலுக்கு அனுப்பிச் சூட்டை வெளியேற்றுகிறது. வியர்வை வழியாக நீர் இறங்குவதால் இரத்தத்தின் கன அளவும் குறைகிறது. இரண்டையும் ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்கரையில் அதிகாலையில் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டித் தீர்கிறது. வெயில் இல்லாத நேரம்தானே என்று ஐந்து மணிக்குக் கிளம்புபவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஜூன் மாதக் காலையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் 18 கிலோமீட்டர் ஓடுகிறார். மூன்றாம் கிலோமீட்டரில் துடிப்பு 138. பத்தாவதில், வேகம் மாறாமலேயே, 148. பதினாறாவதில் 161, காலணிக்குள் வியர்வை இறங்கி ஒவ்வொரு அடிக்கும் சளசளக்கிறது, பேச்சு ஒற்றைச் சொற்களாகச் சுருங்கிவிட்டது. கடிகாரத்தில் வேகம் ஒன்றாகவே இருந்தாலும், எளிய ஓட்டமாகத் தொடங்கியது கடினமான ஓட்டமாக முடிந்திருக்கிறது. அவர் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைத்து முயற்சியை ஒரே நிலையில் வைத்திருப்பது. பத்தாம் கிலோமீட்டருக்குப் பின் 7 நிமிடம் 30 விநாடிக்கு இறங்குவதோ, நடுவே ஒரு நிமிடம் நடப்பதோ பயிற்சியின் பயனைக் குறைக்காது.

ஆகவே மார்ச் முதல் அக்டோபர் வரை வேக இலக்குகளை ஒதுக்கிவைத்து, நேரத்தையும் முயற்சியையும் மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். "பத்துக் கிலோமீட்டர்" என்பதற்குப் பதில் "எழுபது நிமிடம் எளிதாக" என்று எழுதிக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் கடினமான பயிற்சிகளைக் குறைத்துக்கொள்வதோ, வீட்டிற்குள் டிரெட்மில்லுக்கோ நிலைச் சைக்கிளுக்கோ மாற்றிக்கொள்வதோ நல்லது.

வெப்பத்துக்கு உடல் பழகவும் செய்யும். நாள்தோறும் அளவாக வெப்பத்தில் பயிற்சி செய்தால் பத்து முதல் பதினான்கு நாள்களில் இரத்த நீர்மத்தின் அளவு கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. கோடை முழுவதும் பொறுமையாக ஓடியவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் வேகம் தானாக வந்து சேர்வதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஓடும்போது வெப்பத் தாக்கு வந்துவிட்டால் எப்படி அறிவது? என்ன செய்வது?

உடன் ஓடுபவர் தடுமாறி நடந்தாலோ, கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொன்னாலோ, எரிச்சலாகவும் குழப்பமாகவும் நடந்துகொண்டாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்பது தவறான நம்பிக்கை. ஓடுபவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும் வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, கிடைக்கும் குளிர்ந்த நீரை எல்லாம் உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்த முடிந்தால் இன்னும் நல்லது. முதலில் குளிர்வித்தல், பிறகு மருத்துவமனை என்பதே முறை. மூளையும் உறுப்புகளும் எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே உயிர் பிழைப்பது அமைகிறது. தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

டிரையத்லானில் எத்தனை வகைத் தூரங்கள் உள்ளன? எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்பிரிண்ட் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதன் இருமடங்கு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் அறிமுகமானது இந்தத் தூரத்தில்தான். அரை அயர்ன்மேன் 1.9, 90, 21.1 கிலோமீட்டர், முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2 கிலோமீட்டர். முழுத் தூரப் போட்டி 1978இல் ஹவாயில் பதினைந்து பேரோடு தொடங்கியது. பன்னிரண்டு பேர் முடித்தார்கள்.

ஸ்பிரிண்டிலிருந்து தொடங்குங்கள். நண்பர் நேரடியாக அரை அயர்ன்மேன் முடித்தார் என்பதற்காக நீங்களும் அவ்வாறே செய்ய வேண்டியதில்லை. கடல்நீரிலிருந்து ஏறி, இதயம் படபடக்க, ஈரக் கையால் தலைக்கவசத்தின் பட்டையை மாட்டும் அனுபவத்தைச் சிறிய போட்டியில் ஒருமுறை பெற்றுவிட்டால் பெரிய போட்டியில் அச்சம் பாதியாகிவிடும்.

வேலைக்குப் போகிறவர் மூன்று விளையாட்டுகளுக்கும் எப்படி நேரம் ஒதுக்குவது?

முதல் அரை அயர்ன்மேனுக்கு வாரம் ஏழு முதல் பத்து மணி நேரம் போதும். போட்டி நேரத்தில் ஏறத்தாழப் பாதி சைக்கிளில் கழிவதால் பயிற்சியிலும் அதற்கே பெரிய பங்கு தேவை. ஓட்டத்தில் தேர்ந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த ஓட்டத்தையே மேலும் மேலும் செய்வதுதான் இங்கே நாங்கள் அதிகம் காணும் பிழை. நீச்சல் இரண்டு, சைக்கிள் இரண்டு அல்லது மூன்று, ஓட்டம் மூன்று என்று வைத்துக்கொண்டு, அவற்றில் இரண்டை மட்டும் கடினமாகச் செய்யுங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு வாரத்தைப் பாதியளவாகக் குறைத்து உடலை மீள விடுங்கள்.

சைக்கிள் ஓட்டி இறங்கியவுடன் பதினைந்து இருபது நிமிடம் ஓடும் 'பிரிக்' பயிற்சியை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும். கால்கள் மரத்ததுபோல் இருக்கும் அந்த முதல் பத்து நிமிடங்களில் அவசரப்படாமல் இருக்கப் பழகுவதே அதன் நோக்கம்.

அலுவலக வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் சாமுவேலே மார்கோராவும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொண்ணூறு நிமிடம் கவனத்தைக் கோரும் கணினி வேலையைச் செய்துவிட்டுச் சைக்கிள் மிதித்தவர்கள், அந்த வேலையைச் செய்யாத நாளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னதாகவே சோர்ந்து நிறுத்தினார்கள். இதயமும் தசையும் அதற்குக் காரணம் அல்ல. அதே உழைப்பு அவர்களுக்கு அதிகக் கடினமாகத் தோன்றியதே காரணம். நாள் முழுதும் கூட்டங்களில் இருந்துவிட்டு மாலையில் இன்டர்வெல் (இடையிடையே ஓய்வெடுத்து வேகமாக ஓடும் பயிற்சி) ஓட முடியாமல் போனால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கடினமான பயிற்சியை முடிந்தவரை காலையிலோ விடுமுறை நாளிலோ வையுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள் பணி முடிந்ததும் தூங்குங்கள். தூக்கத்தை வெட்டிச் செய்யும் பயிற்சி பலன் தராது.

குளத்தில் நன்றாக நீந்துகிறேன். கடலில் இறங்கினால் மூச்சு முட்டுகிறது. என்ன செய்வது?

குளத்தின் அடியில் கோடு தெரியும், இருபத்தைந்து மீட்டரில் சுவர் வரும், கால் ஊன்றலாம். கடலில் இவை எதுவும் இல்லை என்பதால் மனம் பதறுவது இயல்பு. பதறினால் மூச்சை வெளியே விடாமல் அடக்கிக்கொள்கிறோம், அதனால்தான் முட்டுகிறது. இறங்கியவுடன் நீந்தத் தொடங்காமல், இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்திக் குமிழி விட்டு, மூச்சு ஒரு சீருக்கு வந்தபிறகு கிளம்புங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து வானத்தைப் பாருங்கள். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். குளத்தில் பயிற்சி செய்யும்போதே ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தி எதிரே பார்க்கப் பழகுங்கள்; தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும்.

சென்னைக் கடலில் தனியாக நீந்தவே கூடாது. மெரினாவிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நீரோட்டம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. கடலறிந்த பயிற்சியாளர், கண்காணிப்புப் படகு, இடுப்பில் கட்டும் மிதவை ஆகியவை இருந்தால் மட்டும் இறங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த நாள்களில் குளம் போதும். அலை எப்படி இருக்கிறது என்று அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள்.

நீண்ட பயிற்சியின்போது என்ன சாப்பிடுவது? பொட்டலத்தில் விற்கும் சர்க்கரை ஜெல் கட்டாயமா?

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் சென்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை கார்போஹைட்ரேட் தேவை. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் போட்டிகளில் 90 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம். குளுக்கோஸ் ஒன்றை மட்டும் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உள்வாங்கும்; ஃப்ரக்டோஸ் வேறு வழியாகச் செல்வதால் இரண்டும் கலந்திருந்தால் கூடுதலாக ஏற்கும். சர்க்கரையும் வெல்லமும் இயல்பிலேயே இவ்விரண்டும் சேர்ந்தவை. வாழைப்பழம் நடுத்தர அளவில் 25 கிராம் அளவுக்குத் தரும். உப்பிட்ட பானகம் சைக்கிள் பயிற்சிக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. ஜெல்லுக்குப் பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர் அந்த இழப்பை இன்னும் நன்றாக ஈடுசெய்யும்.

எதை எடுத்துக்கொண்டாலும் அதைப் பயிற்சியிலேயே பலமுறை எடுத்துப் பழகுங்கள். குடலும் பயிற்சியால் தேறும் உறுப்பே.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், வழியில் குடித்ததற்கு மேல் ஏறத்தாழ ஒரு லிட்டர் இழந்திருக்கிறீர்கள். அதை முழுவதும் வழியிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களிடம் இரத்தம் எடுத்துச் செய்த ஆய்வில், நூறில் பதின்மூன்று பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களுக்கே அது பெரிதும் நேர்ந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு நீர்நிலையத்திலும் நின்று குடிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். போட்டியன்று வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீர் குறைந்த நிலையில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எந்த வலியோடு ஓடலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்?

இரு கால்களிலும் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் குறையும் வலி பெரும்பாலும் தசைக் களைப்பு. ஒரு காலில் மட்டும் இருந்து, ஓட ஓடக் கூடி, நடையை மாற்றச் செய்யும் வலிக்கு உடனே நிறுத்துங்கள். முன்காலெலும்பிலோ பாதத்திலோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது அது சுள்ளென்று தெரிந்தால், இரவில் படுத்திருக்கும்போதும் இருந்தால், எலும்பில் அழுத்த விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால், வலி தொடர்ந்தால் மேற்கொண்டு பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் வலுப் பயிற்சி செய்வது காயங்களைத் தவிர்க்க உதவும். வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, குதிகாலை மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாகப் படிக்குக் கீழே இறக்கி, பிறகு முழுதாக உயர்த்துங்கள். ஒவ்வொரு காலாகப் பதினைந்து முறை. எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் அரிசிப் பையை வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்கிறார்களே?

பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் எடை குறைக்க முயலாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது உடல் ஹார்மோன்களையும் எலும்பையும் நோய் எதிர்ப்பையும் காவுகொடுத்து ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப்பெயரிட்டு எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது இதன் தெளிவான அறிகுறி. "அதிகம் ஓடுவதால் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும், பயிற்சியாளரே சொன்னாலும், ஏற்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆண்களுக்கும் இது வரும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களும் பெண்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது.

ஒரு வாரம் பயிற்சி தவறிவிட்டது. எப்படி ஈடுகட்டுவது?

ஈடுகட்ட வேண்டாம். விட்டதை விட்டுவிட்டு அட்டவணையில் இன்றைய நாளிலிருந்து தொடருங்கள். காய்ச்சலுக்குப் பின்னரானால், காய்ச்சல் இருந்த நாள்களின் அளவுக்காவது எளிதாக மட்டும் ஓடுங்கள். டெங்குவோ கொரோனாவோ வந்திருந்தால் மருத்துவர் சொல்லும் வரை தொடங்காதீர்கள்.

போட்டியின் பிற்பாதியில் மனம் உடைந்துவிடுகிறது. மனவலிமையை எப்படி வளர்ப்பது?

முதலில், அது மனத்தின் குறைதானா என்று பாருங்கள். 32ஆம் கிலோமீட்டரில் உடைந்துபோகும் பெரும்பாலோர் முதல் பத்துக் கிலோமீட்டரை மிகையான வேகத்தில் ஓடியவர்கள், அல்லது சரியாக உண்ணாதவர்கள். தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்தபிறகு வைராக்கியத்தைக் கொண்டு வேகமாக ஓட முடியாது. 2023 சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் உலகச் சாதனை படைத்தபோது முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியிலும் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியிலும் ஓடினார். தொடக்கத்தில் அடங்கி ஓடுவதும் மனவலிமைதான். எளிய நாள்களில் பிறர் தாண்டிச் செல்லும்போது வேகம் கூட்டாமல் இருக்கக் கற்றவருக்குப் போட்டியின் முதல் கிலோமீட்டரில் அது தானாக வரும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் திட்டம் மறந்துவிடும்.

அதற்குப் பிறகும் கடினமான நேரம் வரத்தான் செய்யும். அப்போது சொல்லிக்கொள்வதற்கான சொற்களை முன்கூட்டியே தேர்ந்து, பயிற்சியில் கடினமான இன்டர்வெல்களின்போது சொல்லிப் பழகுங்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தங்களுக்கேற்ற ஊக்கச் சொற்களைத் தேர்ந்து இரண்டு வாரம் பழகியவர்கள், சைக்கிளில் சோர்ந்து நிறுத்தும் வரையிலான நேரத்தை ஏறத்தாழ 18 விழுக்காடு நீட்டினார்கள். பழகாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சொற்கள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. "தோளைத் தளர்த்து", "அடுத்த நீர்நிலையம் வரை", "இது தெரிந்த வலிதான்" போன்றவை போதும். உடலுக்கு ஒரு வேலையைத் தரும் சொற்கள், வெறும் தைரியம் சொல்லும் சொற்களைவிட நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறோம்.

இலக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாம் கூடிவந்தால் எட்டக்கூடிய நேரம் ஒன்று. வெயில் கடுமையாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும் நேரம் ஒன்று. நேரம் எதுவானாலும் உங்கள் கையில் இருக்கும் ஒன்று, எடுத்துக்காட்டாக ஒவ்வொரு அரைமணிக்கும் உண்பதும் கடைசி ஐந்து கிலோமீட்டரில் நடக்காமல் இருப்பதும். முதல் இலக்கு நழுவியதும் மொத்தமும் போயிற்று என்ற எண்ணம் வராமல் இது காக்கும்.

மார்க் ஆலனிடம் மீண்டும் வருகிறேன். 1989 அக்டோபருக்கு முன் அவர் ஹவாயில் ஆறு முறை தோற்றிருந்தார். எதிரே இருந்தவர் ஆறு முறை வென்ற டேவ் ஸ்காட். முந்தைய ஆண்டுகளில் ஸ்காட்டை விட்டு முன்னே சென்று பிறகு சரிந்த ஆலன், அந்த ஆண்டு நீச்சலிலிருந்தே அவரோடு ஒட்டி நின்றார். எட்டு மணி நேரத்துக்கு அருகே இருவரும் தோளோடு தோள் உரசும் தூரத்தில் சென்றார்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் அளவில் ஓர் ஏற்றத்தில்தான் ஆலன் விலகி ஓடி 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அத்தனை நேரம் காத்திருக்க முடிந்ததையே நான் அவருடைய மனவலிமை என்று கருதுகிறேன்.

போட்டிக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்தால் உடல் கனத்துப்போவதாகத் தோன்றுகிறதே?

அப்படித்தான் தோன்றும். மாரத்தானுக்கும் அரை அயர்ன்மேனுக்கும் கடைசி இரண்டு வாரங்களில் மொத்த அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறையுங்கள். வேகமான ஓட்டங்களை முற்றிலும் நிறுத்தாமல் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாள்களில் புதிதாக முழங்கால் வலிப்பதாகவும் தொண்டை கரகரப்பதாகவும் பலருக்குத் தோன்றும். பெரும்பாலும் அது பதற்றம். சோதித்துப் பார்க்கிறேன் என்று முப்பது கிலோமீட்டர் ஓடிவிடாதீர்கள். போட்டிக்கு முந்தைய பத்து நாள்களுக்குள் செய்யும் நீண்ட பயிற்சி போட்டியன்று பலன் தராது, களைப்பை மட்டும் தரும். போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் வராவிட்டால் கவலை வேண்டாம். அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

போட்டியைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. அடுத்து என்ன?

நெஞ்சு வலி, மயக்கம், குழப்பம், நடையை மாற்றும் வலி ஆகிய காரணங்களுக்காக நிறுத்தியிருந்தால் சரியான முடிவு எடுத்திருக்கிறீர்கள்; நெஞ்சு வலியோ மயக்கமோ என்றால் அடுத்த ஓட்டத்துக்கு முன் இதய மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி ஒரு வாரம் கழித்து, பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து கடைசி எட்டு வாரங்களைப் படியுங்கள். எளிய நாள்களின் வேகம், தவறிய நீண்ட பயிற்சிகள், தூங்கிய நேரம், போட்டியன்று உண்டது ஆகியவற்றில் காரணம் பெரும்பாலும் அகப்படும். அதைக் காணும் முன் அடுத்த மாதப் போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.

முடித்தபின் எத்தனை நாளில் மீண்டும் ஓடலாம்?

மாரத்தானுக்குப் பிறகு முதல் வாரம் நடையும், நீச்சலும், சைக்கிளில் எளிய மிதிப்பும் போதும். இரண்டாம் வாரத்தில் அரைமணி நேர எளிய ஓட்டங்கள் மூன்று. வேகமான பயிற்சி நான்காம் வாரத்துக்குப் பிறகுதான். முழு அயர்ன்மேன் முடித்தவர்கள் இந்தக் கணக்கை இருமடங்காக்கிக்கொள்ளுங்கள். படியிறங்கும்போது தொடை வலிக்காமல் இருப்பதும், காலையில் எழும்போது இதயத் துடிப்பு உங்கள் வழக்கமான எண்ணுக்குத் திரும்பியிருப்பதும், காலணியை எடுத்து மாட்ட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றுவதும் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தபிறகு அடுத்த அட்டவணையைக் கேளுங்கள்.